இங்கிலாந்து பாணிக் கல்வீடு, தாள் கூரை: குலசேகரத்தில் 30 டிகிரி சரிவு போதுமா?

வரைமேசை

குமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் விருந்தினர் தங்க ஒரு சின்ன வீடு வரைந்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கையில் இங்கிலாந்துக் கிராமத்துக் கல்வீட்டுப் படம் நாலைந்து. தேன் நிறக் கல்சுவர், அதன்மேல் ஒரு அடி கனத்தில் தாள் கூரை (நாணலோ கோதுமைத்தாளோ வேய்ந்தது), மாடிச் சன்னலுக்கு மேலே கூரை புருவம் மாதிரி வளைந்து போகிறது. "இதே மாதிரி வேணும். ஆனா கூரைச் செலவு கூடப்படாது, சரிவை 30 டிகிரியில நிறுத்து" என்கிறார்.

உள்ளளவு 16-க்கு 32 அடி. சுவர் உள்ளூர்க் கருங்கல். கழுக்கோலுக்கு (கூரையைத் தாங்கும் சரிந்த மரம்) பனங்கையா தேக்கா என்று முடிவாகவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: அங்கே சுவர் எத்தனை கனம், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், சிமெண்ட் சேர்க்கிறார்களா? நம்ம ஓலைக்கூரையை வருஷம் தோறும் மேய்கிறோம், அவர்கள் கூரை முப்பது நாற்பது வருஷம் நிற்கிறது என்கிறார்களே, எப்படி? அடியில் பிளாஸ்டிக் ஷீட் ஏதும் விரிக்கிறார்களா? படங்களில் தகரப்பாத்தி எதுவும் தெரியவில்லை, மழைத்தண்ணீர் எங்கே போகிறது? கடைசியாக, வீட்டுக்காரருக்கு நிஜமான புகைபோக்கியும் வேண்டுமாம்.

முகப்புப் படம் எங்கும் கிடைக்கிறது. குறுக்குவெட்டுப் படம்தான் கிடைக்கவில்லை. கட்டிய விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டுக்கல்

முதலில் அந்தப் படங்களைத் தரம் பிரியுங்க. தேன் நிறக் கல் என்றதும் எல்லோரும் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் மலைப்பகுதிப் படம் எடுத்து வருவார்கள். பிபரியில் உள்ள ஆர்லிங்டன் ரோ வீடுகள் அப்படித்தான், ஆனால் அங்கே கூரை தாள் கிடையாது. மெல்லிய சுண்ணாம்புக்கல் பலகை. கல்சுவரும் தாள்கூரையும் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிரேட் டியூ கிராமம். அங்கே இரும்புச்சத்துள்ள பழுப்புக் கல். சாமர்செட்டில் ஹாம் ஹில் கல். புருவ வளைவும் அலங்கார முகடுமாக ரொம்ப அழகாக இருந்தால் அது உழவன் வீடாக இல்லாமல், பிரிஸ்டல் அருகே ஜான் நாஷ் 1811 வாக்கில் கட்டிய பிளேய்ஸ் ஹாம்லெட் போன்ற ஒன்றாக இருக்கலாம். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்காகப் பணக்காரர் ஒருவர் கட்டிக்கொடுத்த ஒன்பது வீடு, கிராமத்து வீடு மாதிரி தெரிய வேண்டும் என்றே வரைந்தது. அதை அளவுகோலாக வைக்காதீங்க.

இனி சுவர். அங்கே 18 முதல் 24 அங்குலம். ஒரே கல் அந்தக் கனத்துக்குப் போகாது; உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவில் சின்னக் கல்லும் சாந்தும் இட்டு நிரப்புவார்கள். இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிப்பது ஊடே போகிற நீளக்கல், நம்ம கொத்தனார்கள் த்ரூ ஸ்டோன் என்பது. சதுர மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். அது குறைந்தால் நடுநிரப்பு காலப்போக்கில் கீழே அமர்ந்து, வெளிமுகம் மட்டும் வயிறு தள்ளும். பழைய வீடுகளில் பார்க்கிற வீக்கத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கள் கருங்கல் உருட்டுக்கு 24 அங்குலத்துக்குக் குறைக்காதீங்க. 15 அங்குலத்தில் இரண்டு முகம் கட்டினால் நடுவில் பூட்டு விழாது.

அஸ்திவாரம் அங்கே பெயருக்குத்தான். மேல்மண்ணை அள்ளிவிட்டு, கெட்டித்தரையில் பெரிய கல்லாகப் பார்த்து வரிசை வைத்துவிட்டு மேலே ஏறியிருப்பார்கள். அதைப் போய்க் காப்பியடிக்க வேண்டாம். குலசேகரம் செம்மண்ணில் இரண்டு பருவமழையும் இறங்கும், நீங்கள் வழக்கமாகப் போகிற ஆழத்துக்கே போங்க.

சாந்துதான் முக்கியம். அந்த வீடுகளில் மண்சாந்து, சுண்ணாம்புச் சாந்து, இரண்டும் கலந்தது, இவ்வளவுதான். சுவர் மழையிலும் தரையிலும் இருந்து ஈரம் குடிக்கும். வெயில் வந்ததும் இணைப்பு வழியாக மூச்சு விட்டுக் காயும். ஈரம் உள்ளே வராமல் தடுப்பது அந்தச் சுவரின் வேலையே இல்லை; வந்தது திரும்பப் போக வேண்டும், அதுதான் கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டை எடுத்து இணைப்பில் பூசினார்கள். இணைப்பு அடைபட்டது, ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறியது, உப்பு அங்கே படிகமாகிக் கல்லைச் செதில் செதிலாக உரித்தது. கல் உள்வாங்கி, சிமெண்ட் கோடு மட்டும் வெளியே தூக்கி நிற்கிற சுவரைப் படங்களிலேயே பார்க்கலாம்.

நம்ம கருங்கல் அப்படி உரியாது. ஆனால் வேறு கேடு உண்டு. கருங்கல் தண்ணீர் குடிக்காது, ஆகவே காய்கிற வழி இணைப்பு மட்டும்தான். அதையும் சிமெண்டால் அடைத்தால், சிமெண்டின் மயிரிழை விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் நடுநிரப்பில் தங்கி உள்பக்கம் கசியும். ஆடி மாதம் உள்சுவர் பூஞ்சையாகிக் கறுக்கும். விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவராக இருந்தால் இங்கிலாந்துக் கதையே நடக்கும், அது கரையும்.

அதனால் நன்றாக நீற்றி மூன்று மாதமாவது ஊறிய சிப்பிச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மையான ஆற்றுமணல் அல்லது கழுவிய எம்-சாண்ட் மூன்று பங்கு. ஒரு நாளில் இரண்டடிக்கு மேல் ஏற்றாதீங்க, அடியிலுள்ள சாந்து பிதுங்கும். ஈரச்சாக்கு போட்டு வெயில் படாமல் பார்க்கணும். சட்டென்று காய்ந்தால் சாந்து மாவாக உதிரும். உள்பூச்சும் சுண்ணாம்பு, அதன்மேல் வெள்ளையடிப்பு. பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இத்தனை செலவும் வீண்.

உள்ளகலம் 16 அடி என்று போட்டது அருமை. அங்கேயும் ஒரு கட்டு என்பது ஏறக்குறைய 16 அடிதான், ஒரு அறை அகலம். பின்னால் தேவைப்பட்டால் நீளவாக்கில் கட்டுக் கட்டாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள், அகலத்தைக் கூட்ட மாட்டார்கள். அகலம் கூடினால் கூரை வானத்துக்குப் போகும்.

முகட்டோலை

சுவர் விஷயத்தில் வெட்டுக்கல் அண்ணாச்சி சொன்னதற்கு மேல் இல்லை. நான் கூரையைச் சொல்கிறேன். 30 டிகிரியை இப்போதே அடித்துவிடுங்க. அங்கே குறைந்தது 45, நல்லது 50.

காரணத்தை வீட்டுக்காரருக்கு வரைந்து காட்டலாம். கழுக்கோல் 50 டிகிரியில் நின்றாலும் அதன்மேல் கிடக்கிற தாள் 50-இல் இருக்காது. ஒவ்வொரு வரியும் கீழ் வரியின் கனத்தின்மேல் படுப்பதால், தாளின் சரிவு கழுக்கோலைவிடக் கணிசமாகக் குறைவு. கழுக்கோலே 30 டிகிரி என்றால் தாள் கிட்டத்தட்டப் படுத்துவிடும். நுனிக்கு ஓட வேண்டிய தண்ணீர் தாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கும்.

நாற்பது வருஷம் நிற்பதன் ரகசியமும் இதுவே. நம்ம ஓலை ஒரு மழைக்கு முழுக்க நனைந்து, முழுக்கக் காய்கிறது. அங்கே ஒரு அடி கனத்தில் வெளியே தெரிவது தாளின் அடிநுனிகள் மட்டும். மழைத்துளி ஒரு நுனியிலிருந்து அடுத்த நுனிக்குச் சொட்டிச் சொட்டி இறவாணம் (கூரையின் கீழ்விளிம்பு) வரை போகிறது. நனைவது மேலே ஒன்றிரண்டு அங்குலம்தான், மீதி பத்து அங்குலம் ஆயுசுக்கும் உலர்ந்தே கிடக்கும். வெளிநுனி அழுகித் தேய்ந்துகொண்டே வரும். பென்சில் சீவுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. உள்ளே கட்டியிருக்கிற குச்சிகள் வெளியே தெரிய ஆரம்பித்தால் கூரை முடிந்தது.

பொருள் மூன்று வகை. நீர்நாணல், நார்ஃபோக் சதுப்பில் வெட்டுவது (இப்போது பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதி): 25 முதல் 40 வருஷம், சில கூரை அதற்கும் மேல். சீவிய கோதுமைத்தாள், டெவன், டார்செட் பக்கத்து வழக்கம்: 25 முதல் 35. நீள்வைக்கோல், அடியும் கதிர்முனையும் கலந்து கிடப்பது: 15 முதல் 25. முகடு மட்டும் எந்த வகையானாலும் 10-15 வருஷத்துக்கு ஒருமுறை புதுக்கணும். நாணல் விறைப்பானது, முகட்டில் மடங்காது. ஆகவே நாணல் கூரைக்கும் முகட்டில் கோரையோ கோதுமைத்தாளோதான் மடக்கிப் போடுவார்கள்.

வேலை நடக்கிற வரிசை: கழுக்கோலின்மேல் குறுக்கே பட்டியல் (மெல்லிய மரப்பட்டைகள்), 8-10 அங்குல இடைவெளியில். இறவாணத்து ஓரத்தில் ஒரு சாய்வுச் சட்டம், பட்டியலைவிட இரண்டு அங்குலமாவது உயரம். பலர் விடுகிறது இதைத்தான். இந்தச் சட்டம் முதல் வரித் தாளின் அடிப்பகுதியை மேலே தூக்கும், அதனால் மேலே ஏறுகிற ஒவ்வொரு வரியும் கீழ் வரியை அழுத்திப் பிடிக்கும். சட்டம் இல்லையென்றால் முதல் வரி தளர்ந்து தொங்கும், அதன்மேல் எது வைத்தாலும் இறுகாது.

முதல் வரிக் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் குறுக்கே ஒரு நீளக் கம்பு; ஸ்வே என்பார்கள். பழைய நாளில் ஹேசல் குச்சி, இப்போது இரும்புக் கம்பி. அதை வளைந்த இரும்புக் கொக்கியால் கழுக்கோலில் அடித்து இறுக்குவார்கள். கட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, லெகெட் என்ற பலகையால் தாளின் அடியைக் கீழிருந்து மேலே தட்டித் தட்டி ஏற்றுவார்கள். பலகை முகத்தில் வரிவரியாகப் பள்ளமோ குதிரை லாட ஆணியோ இருக்கும், நுனிகள் அதில் பிடிபடும். தட்டத் தட்டத் தாள் கம்பிக்கு அடியில் நெருங்கி, விரலைக் குத்தினாலும் நுழையாத அளவுக்கு இறுகும். அந்த இறுக்கம்தான் கூரை. நாணல் கூரையைக் கத்தரித்துச் சமன்படுத்த மாட்டார்கள், தட்டியே சமன்படுத்துவார்கள். அடுத்த வரி முந்தின கம்பியை முழுக்க மூடணும்.

வைக்கோல் கூரையில் இன்னொரு சாமான், ஸ்பார். ஹேசல் குச்சியைப் பிளந்து, இரண்டு முனையும் சீவி, நடுவில் முறுக்கி, கொண்டை ஊசி போல மடக்குவது, ஏறக்குறைய இரண்டடி நீளம். வெட்டி மடக்கினால் முறியும். முறுக்கி மடக்கினால் நார் அறுபடாது. இதைப் பழைய கூரையின் உடம்பிலேயே குத்திப் புதுத்தாளைப் பிடிப்பார்கள். அதனால் பழைய அடித்தாளை எடுப்பதே இல்லை, மேல்கோட் மட்டும் மாற்றம். ஐநூறு வருஷத்து அடித்தாள் இன்னும் இருக்கிற வீடுகள் டெவன் பக்கம் உண்டு. புகைபோக்கி வருவதற்கு முன்னால் நடுவீட்டில் எரித்த தீயின் கரி படிந்து கறுப்பாகவே கிடக்கும்.

உங்கள் வீட்டுக்குக் கணக்கு: சுவர் கனம் சேர்த்து வெளியளவு 20-க்கு 36 அடி. இறவாணம் ஒன்றரை அடி, முக்கோணச் சுவர்ப் பக்கம் ஒரு அடி தள்ளினால், 50 டிகிரியில் சரிவு நீளம் 18 அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 1,360 சதுர அடி, 126 சதுர மீட்டர். 30 டிகிரியில் 1,010 சதுர அடிதான். வீட்டுக்காரர் மிச்சம் பிடிப்பது 350 சதுர அடி, இழப்பது கூரை. ஒரு அடி கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 9-10 நாணல் கட்டு (கட்டின் சுற்றளவு இரண்டடி), ஆக மொத்தம் 1,150 முதல் 1,250 கட்டு. எடை சதுர மீட்டருக்கு 40 கிலோ என்று வைத்தால் ஐந்து டன்.

வரைமேசை

நன்றி அண்ணாச்சி. சரிவுக் கணக்கைக் காட்டினேன், 45-க்கு இறங்கி வந்திருக்கிறார். இரண்டு சந்தேகம். சுவர் உயரம் எட்டடி வைத்து, மேலே கூரைக்குள் ஒரு படுக்கையறை கேட்கிறார். நடுவில் குறுக்கு உத்திரம் தலையில் இடிக்கிறது, எடுத்துவிடலாமா? அப்புறம், இங்கே நாணல் எங்கே கிடைக்கும்?

வெட்டுக்கல்

எடுக்காண்டாம். அங்கே தாள்கூரை வீடுகள் பல கெட்டது இந்தக் காரியத்தால்தான். பரணைப் படுக்கையறை ஆக்கும்போது கதவு போக வழி வேண்டுமென்று குறுக்குச் சட்டத்தை அறுத்தார்கள். கழுக்கோலின் காலைப் பிடிக்க ஆளில்லை. கால் வெளியே தள்ளத் தள்ள, சுண்ணாம்புச் சுவரின் தலை கூடவே சாய்ந்தது. வெளியிலிருந்து தூக்குக்குண்டு பிடித்தால் தெரியும். உள்ளே மாடித்தரைக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழைகிற சந்து விழுந்திருக்கும்.

மாடித்தரை உத்திரத்தையே இழுசட்டமாக்குங்க. சுவரின் தலையில் கிடக்கிற உத்திரத்தோடு போல்ட் போட்டு, கழுக்கோலின் கால் நேரே அதில் இறங்கணும். அப்போது தலைக்குமேல் கழுக்கோல் ஜோடியின் நடுவுக்கு மேலே ஒரு சின்ன இணைசட்டம் போதும். செங்குத்தான கூரை வெளியே தள்ளுகிற விசை குறைவு என்பதும் 30-ஐ விட்டதற்கு ஒரு லாபம். சன்னல் புருவத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: புருவத்தின் மேல்முதுகில் சரிவு எப்போதும் குறையும், அங்கே 45-க்குக் கீழே போகாமல் வளைவை நீளமாக இழுங்க. முதலில் ஒழுகுகிற இடம் அதுதான்.

நாஞ்சில்_வயல்

பொருள் பற்றி. தேரூர், சுசீந்திரம் குளத்தில் நாணலும் சம்பும் நிற்கிறதே என்று யாரும் அரிவாளோடு போய்விடாதீங்க. பறவைகளுக்காகப் பாதுகாக்கிற இடம், 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சொந்தக் குளத்து ஓரம், கால்வாய்க்கரை என்று கிடைத்தால் உரிமை உள்ளவரிடம் கேட்டு வெட்டலாம். ஆனால் 1,200 கட்டு தேறாது. வெளியிலிருந்துதான் வரணும்.

வைக்கோலில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இங்கிலாந்தில் பட்ட பாட்டைச் சொன்னால் நமக்கும் பொருந்தும். அங்கே குட்டைக் கோதுமை ரகம் வந்தது, உரம் கூடியது, கம்பைன் அறுவடை மெஷின் வந்தது. தாள் குட்டையாகி, மெலிந்து, மெஷினுக்குள் நசுங்கி வெளியே விழுந்தது. கூரைக்கு ஆகவில்லை. இன்றைக்கும் மாரிஸ் விட்ஜன் போன்ற பழைய நெட்டை ரகத்தைக் கூரைக்காகவே விதைத்து, கொஞ்சம் பசுமை இருக்கும்போதே பைண்டரில் அறுத்து, கட்டுக் கட்டாக வயலில் நிறுத்திக் காயவைத்து, தாள் டிரம்முக்குள் போகாமல் கதிரை மட்டும் அடித்தெடுக்கிறார்கள். உரத்தையும் குறைத்தே போடுவார்கள்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் இப்போது மெஷின் அறுவடைதான், வைக்கோல் சுருட்டாக வருகிறது. அந்தச் சுருட்டைப் பிரித்துக் கூரை போட நினைக்கவே வேண்டாம். கையறுப்பு, நெட்டை ரகம், கையால் அடித்தது கிடைத்தால்கூட நெல்தாளுக்குக் கோதுமைத்தாளின் விறைப்பு கிடையாது, நனைந்தால் படிந்துவிடும்.

இன்னொன்று, 40 வருஷம் என்ற கணக்கை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீங்க. அது குளிர்நாட்டுக் கணக்கு. அழுகல் பூஞ்சைக்கு வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் கொண்டாட்டம், குலசேகரத்தில் வருஷத்தில் பாதி அதுதான். அங்கேயே மரநிழல் விழுகிற பக்கம் பாசி பிடித்துச் சீக்கிரம் போகும். நீங்களோ ரப்பர் தோட்ட ஓரம் என்கிறீர்கள். கூரைக்கு மேலே கிளை வரவே கூடாது. மரத்துக்கும் கூரைக்கும் இடையே வெயிலும் காற்றும் இறங்கணும், இலை விழுந்து முகட்டு மடிப்பில் தங்கக் கூடாது.

கறையான் அங்கே பிரச்சினையே இல்லை, அதனால் அவர்கள் புத்தகத்தில் அதற்குப் பாடம் கிடையாது. இங்கே கருங்கல் சுவரின் சுண்ணாம்பு இணைப்புக்குள்ளேயே ஏறி வந்து உத்திரத்தைத் தொடும். சுவரின் தலையில் உத்திரத்துக்கு அடியில் செம்பு அல்லது துத்தநாகத் தகடு ஒன்று, இரண்டு ஓரமும் கீழ்நோக்கி மடித்து விடுங்க. மண்கூடு வெளியே தெரியும், தட்டிவிடலாம். பனங்கை போடுவதானால் முற்றிய மரத்தின் வைரப்பகுதி மட்டும். இளம்பனை சோறு இருக்கிற பக்கத்தை வண்டு விடாது.

பழைய ஓலைப்புரைகளில் அடுக்களை மேலே உள்ள ஓலை மற்ற இடத்தைவிடக் கூடுதல் நாள் நிற்கும், கவனித்திருப்பீர்கள். புகைதான். டெவன் கறுப்புத்தாளும் அதே கதை.

முகட்டோலை

மேலே சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்க. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை நினைவில் வைத்துப் பூட்டணும். சுவரின் தலை உத்திரத்தைச் சும்மா சாந்தில் கிடத்தாமல், நாலடிக்கு ஒன்றாக இரும்புக் கம்பி சுவருக்குள் மூன்றடியாவது இறங்கிக் கல்லோடு நங்கூரம் போடணும். தாளைக் கயிற்றில் கட்டாமல், துருப்பிடிக்காத கம்பியும் திருகும் போடுங்க. அங்கேயும் இப்போது அப்படிப் போடுகிறவர்கள் உண்டு. மூங்கிலைப் பிளந்து ஸ்பார் செய்ய நினைத்தால், முறுக்கும்போதே நீளவாக்கில் பிளந்துபோகும்.

தகரப்பாத்தி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாள்கூரைக்குப் பாத்தி கிடையாது. கனமான இறவாணம் தண்ணீரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வீசும். விழுகிற கோட்டில் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டிச் சல்லி நிரப்பி, அடியில் துளைக்குழாய் வைத்துச் சரிவில் வெளியே விடுங்க. இங்கே மழை வேகம் அதிகம். இறவாணத்தை இரண்டடி ஆக்கினால் இன்னும் நல்லது, கட்டு இன்னும் கொஞ்சம் கூடும். வெளித்தரை உள்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்து இருக்கணும். டெவன்காரர்கள் மண்சுவருக்குச் சொல்வார்கள், நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் இருந்தால் போதும் என்று. கல்சுவருக்கும் அது சரிதான்.

அடுக்களைப்புகை

புகைபோக்கியும் பிளாஸ்டிக் ஷீட்டும் இன்னும் யாரும் தொடவில்லை.

ஷீட் வேண்டாம். தாளுக்கு அடியிலும் காற்று வேண்டும். ராத்திரி கூரைக்குள் ஏறுகிற ஆவி ஷீட்டின் கீழ்முகத்தில் வேர்த்துக் கழுக்கோலை நனைக்கும். மேலே காற்றில் அடித்து உள்ளே வந்த ஈரம் ஷீட்டின்மேல் தங்கித் தாளை அடியிலிருந்து அழுகவைக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்டம். தீத்தடுப்புக்காக ஒரு பலகை போடலாம், அது வேறு. டார்செட் பகுதிக் கட்டட அதிகாரிகள் புதுத் தாள்கூரை வீட்டுக்கு வைத்திருக்கிற முறையில், கழுக்கோலின்மேல் அரைமணி நேரம் தீ தாங்குகிற பலகை, அதன்மேல் சட்டம் வைத்து இடைவெளி விட்டு, பிறகுதான் பட்டியலும் தாளும். தீ பிடித்தால் மேலே தாள் எரியும், உள்ளே இருப்பவர் வெளியே வர நேரம் கிடைக்கும்.

புகைபோக்கியை நான் வைக்கமாட்டேன். லண்டனில் 1212 தீக்குப் பிறகே நாணல், வைக்கோல் கூரைக்குத் தடை போட்டார்கள். 1613-இல் குளோப் நாடக அரங்கு, மேடையில் வெடித்த பீரங்கியின் பொறி தாளில் விழுந்து, முழுக்க எரிந்தது. மறுபடி அதே மாதிரி கட்டி 1997-இல் திறந்தபோது, 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதி பெற்ற முதல் தாள்கூரை அதுதான். முகட்டிலேயே தண்ணீர் தெளிப்பான் வைத்தார்கள்.

கிராமத்து வீடுகளில் தீ பெரும்பாலும் புகைபோக்கியைச் சுற்றித்தான் தொடங்கும். திறந்த அடுப்பு இருந்த இடத்தில் மூடிய விறகு ஸ்டவ் வந்தது. புகையின் வெப்பம் கூடியது. பழைய கல் புகைபோக்கியில் சாந்து உதிர்ந்த ஓட்டை இருக்கும். காரணம் பற்றி அங்கே இரண்டு கட்சி. பழையதை எடுக்காமல் மேலே மேலே போட்டுச் சேர்ந்த மூன்றடித் தாள் புகைபோக்கியை இறுக்கிப் போர்த்தியிருப்பதால் வெப்பம் கல்வழியே கடந்து உள்தாளைக் கருக்குகிறது என்பது ஒன்று. ஈர விறகு எரித்துப் படிந்த கரி பற்றி, பொறி மேலே பறந்து கூரையில் விழுகிறது என்பது மற்றொன்று. எதுவானாலும் முறை ஒன்றே: உள்ளே முழு நீளத்துக்கும் புதுக்குழாய், காய்ந்த விறகு மட்டும், வருஷம் இரண்டு முறை கரி எடுப்பு, புகைபோக்கித் தலை முகட்டைவிட 1.8 மீட்டர், அதாவது ஆறடி உயரம். குலசேகரத்தில் குளிர்காய ஆளில்லாத அடுப்புக்கு இத்தனை பாடா?

ஒழுகலுக்கும் அது வாசல். தாள் நடுவில் கல் துருத்தினால் அதன் மேல்பக்கம் தண்ணீர் தேங்கும். கண்டிப்பாகத் தோற்றத்துக்கு வேண்டுமென்றால், முக்கோணச் சுவரோடு சேர்த்து முகடு முனையில் பொய்ப் புகைபோக்கி ஒன்று எழுப்புங்க, அங்கே தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும். தாள் முட்டுகிற மட்டத்துக்கு மேலே கல்லை இரண்டு அங்குலம் வெளியே நீட்டி ஒரு சொட்டுவரி வையுங்க. அங்கே பழைய புகைபோக்கிகளில் அந்த நீட்டுக்கல் உண்டு. ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு முழம் தள்ளி அந்தக் கல் தனியாக நின்றால், முன்னொரு காலத்தில் தாள் எந்த உயரத்தில் இருந்தது என்று அதைப் பார்த்தே சொல்லலாம்.

கரண்ட் வயரைத் தாளுக்குள் கொண்டுபோகாதீங்க. உள்கூரையில் பதிக்கிற விளக்கு கூடவே கூடாது, அதன் முதுகு சூடு தாளில் படும். வீட்டைச் சுற்றி ஒரு ஒன்றரை அங்குலக் குழாய், நாலு மூலையிலும் ஹோஸ் மாட்ட வாய். தீபாவளி ராக்கெட்டும் கோயில் திருவிழா, பள்ளித் திருநாள் வாணவெடியும் இங்கே இருக்கிற வரை இது அலங்காரச் செலவு இல்லை.

வெட்டுக்கல்

அடுக்களைப்புகை சொன்னது எல்லாம் சரி. நான் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன்: இத்தனை செய்தபிறகு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிரம் கட்டு வாங்க வீட்டுக்காரருக்கு மனசு உண்டா? அங்கே மாற்றாமல் வைத்திருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். பாதுகாக்க வேண்டியதென்று அரசு பட்டியலிட்ட பழைய கட்டடத்தில் அனுமதியில்லாமல் கை வைத்தால் குற்றவழக்கு. நீள்வைக்கோலை எடுத்து நாணல் போடுவதற்கே பல இடங்களில் அனுமதி வாங்கணும். இங்கே யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. கழுக்கோலும் பட்டியலும் ஓடு தாங்குகிற அளவுக்கு இப்போதே போட்டு வையுங்க. நாளைக்குத் தாளை இறக்கி ஓடு ஏற்றினாலும் 50 டிகிரிச் சரிவும் நீண்ட இறவாணமும் அப்படியே பொருந்தும். தக்கலைக்குப் போய்ப் பத்மநாபபுரம் அரண்மனைக் கூரையை நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சரிவு ஓட்டுக்கு எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரருக்கே தெரியும்.

வரைமேசை

ஓடு தாங்குகிற மாதிரியே கழுக்கோல் அளவு போடுகிறேன். 50 டிகிரி, இறவாணம் இரண்டடி, பொய்ப் புகைபோக்கி முனையில், ஷீட் இல்லை, பலகை உண்டு. சுவர் வேலை கன்னிப்பூ அறுப்பு முடிந்ததும் தொடங்குவதாகப் பேச்சு.

வெட்டுக்கல்

அப்படியானால் சுவர் ஐப்பசி மழையில் மாட்டும். சுண்ணாம்புச் சுவரை மழைக்காலத்தில் எழுப்பாதீங்க. தை பிறந்து தொடங்கினால் சித்திரைக்குள் சுவர் முடியும். தாள் ஏறும்வரை சுவரின் தலையைத் தார்ப்பாயால் மூடி, பாயின் ஓரத்தைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிக் கட்டுங்க. தலையிலிருந்து நடுநிரப்புக்குள் இறங்குகிற தண்ணீர் சீக்கிரம் காயாது.